ஒத்து

எங்கள் பக்கம் ஒருவனை மட்டம் தட்ட வேண்டுமென்றால், ‘அவனா? அவன் சும்மா ஒத்து ஊதறவனுங்க’ என்று சொல்லிவிடுவார்கள். சொந்தமாக ஒரு பேச்சு இல்லாதவன், பெரிய மனிதர் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிறவன் என்று அர்த்தம். நாற்பது வருஷத்துக்கு மேல் நான் செய்ததெல்லாம் அந்த வேலைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் பாடகர் குழுவில் பேஸ். முகூர்த்த நாட்களில் பேண்டு செட்டில் யூபோனியம். இரண்டு இடத்திலும் பாட்டின் மெட்டு வேறு யாரிடமாவது இருக்கும். எனக்குக் கிடைப்பது அடியில் கிடக்கிற நாலைந்து ஸ்வரம். கல்யாண வீட்டில் யாரும் என்னைப் பார்த்து ‘அந்தப் பாட்டை இன்னொருக்கா ஊதுங்க’ என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் ஊதுவதை வைத்து அது என்ன பாட்டு என்று அவர்களால் கண்டுபிடிக்க முடிந்திருக்காது.

நாங்கள் குடியிருந்தது சிங்காநல்லூரில். அப்பா மில்லில் ஸ்பின்னிங் பிரிவு. மூன்று ஷிப்டும் மாறி மாறிப் போவார். வீட்டில் கடிகாரம் இருந்தது, ஆனால் அதை நம்பி யாரும் உலை வைத்ததில்லை. எல்லாம் சங்குதான். 1888-இல் ஸ்டேன்ஸ் துரை முதல் மில்லைத் தொடங்கி, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு கோயமுத்தூரில் தெருவுக்குத் தெரு மில் முளைத்தது என்பார்கள். எனக்கு அதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்தது. சின்ன வயதில் தெரிந்தது ஒன்றுதான்: ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு குரல். ஒன்று எருமை மாதிரி. ஒன்று கொஞ்சம் மேலே, மூக்கால் அழுவது மாதிரி. முதல் சங்கு ஓயுமுன்பே அடுத்தது தொடங்கிவிடும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் அந்தச் சில வினாடியில், இரண்டுக்கும் நடுவே ‘வவ்... வவ்... வவ்’ என்று ஏதோ துடிக்கும். அது எந்த மில்லின் சங்கு என்று அப்பாவிடம் கேட்டேன். ‘அது எந்த மில்லும் இல்ல சாமி. காத்து’ என்றார்.

பதினான்கு வயதில் எனக்கு மகரக்கட்டு உடைந்தது. அதுவரை பையன்களோடு மேல்குரல் பாடிக்கொண்டிருந்தவன். ஒரு மழைக்காலத்தில் சளி பிடித்ததாக நினைத்தேன், சளி போனபோது குரலும் போயிருந்தது. பாடகர் குழு மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்கிப் பாடச் சொன்னார். அதற்குக் கீழே ஒன்று, அதற்கும் கீழே ஒன்று. ‘சரி, இனிமே நீ கடைசி பெஞ்சு’ என்றார். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு என்றால் என்னவோ அப்படித்தான் எனக்கும் பட்டது.

எங்களுக்குப் பாட்டு வந்தது டானிக் சோல்ஃபாவில். ஐந்து கோடு போட்ட நொட்டேஷன் மாஸ்டருக்கு மட்டும். எங்களுக்கு அவர் கைப்பட எழுதி ஸ்டென்சில் எடுத்த தாள்: டோ, ரே, மீ என்று எழுத்துகளாகவே இருக்கும். ஸரிகம தெரிந்தவன் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வான். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றில் பேஸ் பகுதிக்கு இரண்டு வரி முழுக்க ஒரே எழுத்து. சோ, சோ, சோ, சோ. கடைசியில் ஒரு டோ. அதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாதகம் பண்ணிக்கொண்டிருந்தேன். இரவு ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து, ‘என்றா அது, கெணத்து மோட்டார் ஓடறாப்பல?’ என்று கேட்டுவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்தார்.

மூன்று வெள்ளிக்கிழமை ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாகப் பயிற்சி. சோப்ரானோ பெண்கள் கோயிலுக்குள். ஆல்டோ வேதபாட வகுப்பறையில். டெனர் வேப்பமரத்தடியில். நாங்கள் ஆறு பேர், பின்பக்கம் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில். மற்றவர்கள் என்ன பாடுகிறார்கள் என்று காதில் விழாது. நாலாவது வெள்ளிக்கிழமை எல்லாரையும் உள்ளே நிறுத்தினார்.

என் சோ அதே சோதான். நான் நகரவே இல்லை. ஆனால் மேலே அவர்கள் நகர நகர, என் ஸ்வரம் வேறு வேறாக ஆனது. முதலில் சாதாரணமாக இருந்தது. அடுத்த எட்டில் ஏதோ கேள்வி கேட்பது போல ஆயிற்று. அதற்கடுத்து நெஞ்சை இறுக்கியது. நான் ஒன்றுமே செய்யவில்லை, ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறேன், என்னைச் சுற்றி வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கடைசி டோவுக்கு எல்லாரும் வந்து இறங்கியபோது முன் பெஞ்சின் முதுகில் வைத்திருந்த என் கை அதிர்ந்தது. கை நடுங்குகிறதென்று நினைத்தேன். கையை எடுத்துவிட்டு விரல் நுனியால் மட்டும் தொட்டுப் பார்த்தேன். நடுங்கியது பெஞ்சு. தேக்குப் பலகை.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே போனேன். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. மிதித்தால் கொட்டிவிடும் போல இருந்தது.

மாஸ்டர் கணக்கு வாத்தியார். பக்தி, உருக்கம் என்றெல்லாம் பேசமாட்டார். ‘மூச்சு எங்க வாங்கறே?’ என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. நீண்ட ஸ்வரம் வந்தால் ஒருவனால் அதைக் கடைசிவரை பிடிக்க முடியாது. அதற்கு ஒரு விதி வைத்திருந்தார். ‘பக்கத்துல நிக்கறவன் மூச்சு வாங்கறப்ப நீ வாங்காதே. அவன் திரும்பி வந்த பொறவு நீ போ. போறதும் வர்றதும் தெரியக்கூடாது. எழவு ஊட்டுக்குள்ள லேட்டா நொழையறவன் எப்படி வருவான், அப்படி வா.’ எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது முடிவே இல்லாத ஒரே மூச்சாகக் கேட்கும். உள்ளே நாங்கள் மாற்றி மாற்றிச் செத்துப் பிழைத்துக்கொண்டிருப்போம்.

இன்னொன்றும் சொல்வார். ‘நாலு பேரும் சரியா நின்னா அஞ்சாவது ஒருத்தன் வருவான்.’ எனக்கு அது வேதாகமத்தில் வருகிற ஏதோ கதை என்றே பல வருஷம் எண்ணம். பிறகு ஒருநாள் ஒத்திகையில், மின்சாரம் போய் விசிறி நின்ற நேரத்தில், அது வந்தது. நாங்கள் பிடித்திருந்த சேர்க்கைக்கு மேலே, சோப்ரானோவுக்கும் மேலே, கண்ணாடியைத் தேய்த்தது போல மெல்லிசாக ஒரு குரல். யாரும் பாடவில்லை. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், பார்த்ததும் ஸ்ருதி விலகி அது போய்விட்டது. பிற்பாடு ஒன்று படித்தேன். இத்தாலியைச் சேர்ந்த சார்டீனியா தீவில் காஸ்டெல்சார்டோ என்று ஓர் ஊர். அங்கே ஈஸ்டருக்கு முந்திய வாரம் நாலு ஆண்கள் தோளோடு தோள் ஒட்டி நின்று பாடுவார்கள். ஸ்ருதி சுத்தமாக இணைந்தால் பெண்குரல் மாதிரி ஐந்தாவது ஒன்று எழும். அதற்குக் குயின்டினா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், மாதாவின் குரல் என்று நம்புகிறார்கள். நாலு தொண்டையிலிருந்தும் கிளைக்கிற மேலொலிகள் ஒரே புள்ளியில் விழுந்து பலப்படுவதால் அப்படி என்று இசை ஆராய்ச்சிக்காரர்கள் விளக்குகிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு மில் சங்கு ஞாபகம் வந்தது. அப்பா சொன்னதும் தப்பில்லை. காற்றுதான்.

இருபத்திரண்டு வயதில் பீளமேட்டில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். பம்புசெட்டுக்கு ஷாப்டு கடைவது. அங்கே கூட வேலை செய்த ஒருவர் பேண்டு செட்டில் கிளாரினெட். அவர் குடும்பம் பரம்பரையாக நாதஸ்வரம். கிளாரினெட்டுக்கு மாறியதை அவர் குறையாகவே நினைக்கவில்லை. தஞ்சாவூர் அரண்மனையில் சரபோஜி காலத்திலேயே பேண்டு இருந்தது, கிளாரினெட் அங்கிருந்து சதிர்க் கச்சேரிக்குள் வந்து இருநூறு வருஷம் ஆகப் போகிறது, ஏ.கே.சி. நடராஜன் அதில் முழுக் கச்சேரியே பண்ணுகிறார், இனி இது யாருடைய வாத்தியம் என்று வாதிடுவார். செட்டில் யூபோனியம் வாசித்தவர் துபாய் போய்விட்டதால் ஆள் தேவைப்பட்டது. ‘உங்களுக்கு அடி ஸ்வரத்துல நிக்கத் தெரியுமில்லீங்க, வாங்க’ என்று கூட்டிப்போனார். அடியில் நிற்பதையும் ஒரு தகுதியாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

மீரட்டில் செய்த வாத்தியம். அங்கே ஜலி கோட்டி என்கிற இடத்தில் பேண்டு வாத்தியம் செய்வதே தொழில், நாதிர் அலி கம்பெனி 1885-லிருந்து இருக்கிறது. என் கைக்கு வந்தது எத்தனையாவது கை மாறியதோ, உடம்பெல்லாம் நசுங்கல். பட்டறையில் உள்ளே மரக்குண்டு விட்டு நானே தட்டிச் சரிபண்ணினேன். சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகைக் குஞ்சம், வெயிலில் வெந்துவிடும். மார்கழி இரவில் நேர் எதிர். வாய்வைக்கும் பகுதி ஐஸ் மாதிரி இருக்கும், ஊதுவதற்குக் கால்மணி நேரம் முன்பே கழற்றி அக்குளில் வைத்துக்கொள்வேன். முதல் மூன்று மாதம் உதடு வீங்கிச் சோறு தின்ன முடியவில்லை. பிறகு உதட்டின் நடுவே ஒரு காய்ப்பு. இப்போதும் நாக்கால் தடவினால் தெரிகிறது.

எண்பதுகளின் நடுவில் பேண்டுக்கு நல்ல மவுசு. இளையராஜா எங்கள் வயிற்றில் பால் வார்த்தார். மற்றவர்கள் வயிற்றில் வார்த்தது வேறு கணக்கு, என் வயிற்றில் வார்த்தது பேஸ் கிடாரில். அதுவரை சினிமாப் பாட்டு வாசித்தால் எனக்கு ‘பூம், பூம்’ மட்டும்தான். அவர் பாட்டுகளில் அடியில் ஓடுகிற பேஸ் தனியாக ஒரு பாட்டு. கேசட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றி, அதை எழுதி எடுத்து, யூபோனியத்தில் ஏற்றினேன். மேலே டிரம்பெட்காரர் எல்லாருக்கும் தெரிந்த மெட்டை ஊதுவார். நான் கீழே யாருக்கும் தெரியாத பாட்டை ஊதிக்கொண்டு நடப்பேன். 1994-இல் ‘டூயட்’ வந்து கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன் ஊரையே பிடித்துக்கொண்டபோது எங்கள் செட்டுக்கும் ஒரு சாக்ஸபோன் வந்தது. மாப்பிள்ளைக்கு அடுத்தபடி அவருக்குத்தான் போட்டோ எடுத்தார்கள். பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

அப்படி ஒரு மாப்பிள்ளை அழைப்பில், பாட்டு நடுவில் என் வாத்தியத்தின் இரண்டாவது பிஸ்டன் சிக்கிக்கொண்டது. கிளம்பும் முன் தையல் மெஷின் எண்ணெய் விடாத வினை. அமுக்கினால் எழவில்லை. ஊர்வலம் நகர்ந்துகொண்டிருக்கிறது, மேலே டிரம்பெட், சாக்ஸபோன், கிளாரினெட் எல்லாம் முழுமூச்சில். நான் ஊதுவது போலக் கன்னத்தை உப்பிக்கொண்டு நடந்தேன். செட்டு முதலாளிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணக் கூட்டம் ஆடிக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் என்ன, இல்லாவிட்டாலும் என்ன என்று மனது விட்டுப்போயிற்று. மண்டபத்து வாசலில் இறங்கி டீ குடிக்கும்போது, தலையில் பெட்ரோமாக்ஸ் சுமந்து வந்த பெரியவர் சும்மாட்டைப் பிரித்துக்கொண்டே என் பக்கம் வந்தார். ‘ஏனுங் தம்பி, பாதியில பாட்டு தரைய உட்டு எந்திரிச்சாப்பல ஆயிருச்சுங்களே, என்னாச்சுங்க?’

நான் வாத்தியத்தைத் தூக்கிக் காட்டினேன். அவர் பிஸ்டனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ‘அதானுங்க. காலு தடுமாறுச்சு’ என்றார். இருபது வருஷம் பேண்டுக்கு முன்னால் விளக்கு சுமந்தவர். மெட்டைக் காதால் கேட்டார் என்றால், என் பகுதியைக் காலால் கேட்டிருக்கிறார். எனக்குக் கிடைத்த விமரிசனங்களில் அதற்கு மேல் ஒன்று இல்லை.

துக்க வீட்டுக்கும் போவோம். பேரன் பேத்தி எடுத்து, நெய்ப்பந்தம் பிடிக்க ஆளோடு போகிற கல்யாணச் சாவு என்றால் ஜமாப்பு ஒருபக்கம், பேண்டு ஒருபக்கம். அதே வாத்தியம், அதே உதடு, ஆனால் மூச்சு வேறு. கல்யாணத்தில் குத்தி ஊதவேண்டும், இங்கே விரித்து ஊதவேண்டும். சூலூர் பக்கம் ஒரு தோட்டத்துப் பெரியவர் தவறியிருந்தார். மூத்த மகன் வந்தவர்களுக்கெல்லாம் கையைக் கொடுத்து, பந்தலுக்கு, தண்ணிக்கு, வண்டிக்கு ஏற்பாடு பண்ணிக்கொண்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் நின்றார். சொந்தத்தில் சிலர் அதைக் குறையாகவே பேசிக்கொண்டார்கள். நாங்கள் மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தோம். டிரம்பெட் மேலே ஏறி உச்சியில் நின்றபோது அவர் அழவில்லை. ஏறினது இறங்கி, டிரம்பெட்காரர் மூச்சு வாங்க வாயை எடுத்தார். அடியில் டிராம்போனும் நானும் மட்டும் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்த இடத்தில் உடைந்தார். பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி.

அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்திருக்கிறேன். அழுகை மெட்டில் வருவதில்லை. மெட்டு ஓய்ந்து, கீழே ஏதோ ஒன்று ஓயாமல் இருக்கிறதே, அங்கே வருகிறது. இது என் தொழில் அபிமானமாகவும் இருக்கலாம். டிரம்பெட்காரரைக் கேட்டால் வேறு சொல்வார்.

பேரூர் பங்குனித் தேருக்கு ஒரு வருஷம் வாத்தியம் இல்லாமல் வெறும் ஆளாகப் போயிருந்தேன். நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒத்து வைத்துக்கொண்டு நின்றார். ஒத்து வாத்தியத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். நாதஸ்வரம் மாதிரியேதான் இருக்கும், ஆனால் விரலுக்கு வேலை இல்லை. கீழே உள்ள துளைகளை மெழுகு வைத்து அடைத்து ஸ்ருதி கூட்டியிருப்பார்கள். மூக்கால் காற்றை இழுத்து, கன்னத்தில் தேக்கி, வாயால் விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கன்னம் தவளை மாதிரி உப்பி இறங்குவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தன. தேர் நின்ற இடத்தில் பேச்சுக் கொடுத்தேன். சம்பளம் நாதஸ்வரக்காரருக்கு ஆவதில் கால்வாசி என்றார். மின்சார ஸ்ருதிப் பெட்டி வந்துவிட்டது, தன் மகன் இதைத் தொடவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘அவரு ஸ்ருதி வெலகுனா மொதல்ல எனக்குத்தானுங்க தெரியும். ஆனாச் சொல்ல முடியுமுங்களா?’ என்று கண்ணைச் சிமிட்டினார்.

அன்று இரவு பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. ஊரில் அந்தப் பேச்சைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். ஒத்துக்காரர் நாதஸ்வரக்காரருக்கு ஆமாம் போடுவதில்லை. அவர் எங்கேயும் போவதில்லை, நின்ற இடத்தில் நிற்கிறார். இணங்கிப் போகவேண்டியவர் நாதஸ்வரக்காரர்தான்.

எங்கள் மண்ணில் சேர்ந்து பாடுவது என்றால் பெரும்பாலும் எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுவதுதான். வள்ளி கும்மியைப் பாருங்கள். முன்னால் ஒருவர் எடுத்துக்கொடுக்க, நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே குரலாகத் திருப்பிச் சொல்லி, ஒரே அடியாக அடி வைக்கிறார்கள். பெண்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்த கோவை மாவட்டத்துப் பத்ரப்பனுக்கு 2024-இல், 87 வயதில், பத்மஸ்ரீ அறிவித்தார்கள். என் தங்கை மகள் ஒரு அரங்கேற்றத்தில் ஆடினாள். முடிந்து வந்தவளுக்கு நா குழறியது, ‘மாமா, நான் ஆடுனேனா, இல்ல என்னைய ஆட்டுனாங்களான்னே தெரியல’ என்றாள். அதே பெஞ்சு, அதே நடுக்கம். நாலு குரலாகப் பிரிவதா, ஒரே குரலாகச் சேர்வதா, வழி மட்டும்தான் வேறு.

ஸ்வீடனில் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் 2013-இல் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளைகளைச் சேர்ந்து பாடவைத்து அவர்கள் இதயத்துடிப்பை அளந்தார்கள். பாட்டின் அமைப்பு மூச்சை வழிநடத்த, மூச்சு இதயத்தை வழிநடத்த, எல்லார் துடிப்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியிருக்கிறது. செய்தியை வெட்டி மாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது அவருக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். ‘மூச்சை அளந்தாங்களா?’ என்றார். ‘அளந்திருக்காங்க சார்.’ ‘பின்ன சரி.’

இரண்டு வருஷம் கழித்து அவர் போய்ச் சேர்ந்தார். அடக்க ஆராதனையில் பாடச் சொல்லி அவரே ஒரு பாட்டைச் சொல்லிவைத்திருந்தார். ஜான் ரட்டர் என்ற ஆங்கிலேயர் 1981-இல் எழுதியது. ஆசீர்வாத வசனத்துக்கு இசை. ரட்டர் தன்னுடைய பள்ளிக்கூட இசை வாத்தியாரின் நினைவு ஆராதனைக்காக அதை எழுதினார் என்று மாஸ்டர் முன்பே எங்களுக்குச் சொல்லியிருந்தார். எதற்காகச் சொன்னார் என்பது அப்போது புரியவில்லை. புரிந்துகொள்ளவேண்டிய வயதைத் தாண்டியவர்கள்தான் நாங்கள்.

தொடக்கத்தில் சோப்ரானோ மட்டும். பெரிய வித்தையெல்லாம் இல்லாத மெட்டு. பிறகு நாலு குரலும் சேரும். முன்னால் பெட்டி இருக்கிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: பாடுகிறவன் அழ முடியாது. ஊதுகிறவனும் அழ முடியாது. தொண்டை அடைத்தால் குரல் போச்சு, உதடு துடித்தால் ஸ்வரம் போச்சு. கேட்கிறவர்களுக்கு அந்தச் சுதந்திரம் இருக்கிறது, எங்களுக்கு இல்லை. உருக்குகிறவன் உருகினால் வேலை நடக்காது. அன்றைக்கு முதல் வரியிலேயே ஆல்டோவில் ஒரு அக்கா நின்றுபோனார். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் கூட்டிப் பாடினார். அவர் திரும்பி வந்ததும் இவர் போனார். டெனரில் இருவர் போனார்கள், ஒருவர் வந்தார். என் முறை கடைசியில் வருகிற அந்த நீண்ட ஆமெனில் வந்தது. என் பக்கத்தில் நின்றவர் என்னைவிட மூத்தவர், அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் அவர் குரல் ஒரு படி அகலமானது. போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது போல. போனேன். வாயைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு அழுதேன். திரும்பி வந்தேன். உடனே அவர் போனார்.

முன்கூட்டி யாரும் பேசிவைக்கவில்லை. மூச்சுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததை அழுகைக்கும் வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். பின்னால் உட்கார்ந்து கேட்டவர்கள், ‘எப்படிங்க உங்களால இப்படிக் கலங்காம பாட முடிஞ்சுது?’ என்று கேட்டார்கள்.

2020 மார்ச்சில் எல்லாம் அடைபட்டது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு அந்த மாதம் 10-ஆம் தேதி ஒத்திகைக்குக் கூடியது. இரண்டரை மணி நேரம். வந்தவர்கள் 61 பேர், அதில் 53 பேருக்கு நோய், இரண்டு பேர் இறந்தார்கள். இந்தச் செய்தியைப் பலமுறை படித்தேன். அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் நின்றவனின் மூச்சை வாங்கி, தன் மூச்சைக் கொடுத்தார்கள். நாற்பது வருஷமாக நான் எதை மகா சுகம் என்று நினைத்தேனோ அது.

ஏப்ரல் 12 ஈஸ்டர். கோயில் பூட்டியிருந்தது. குழுவில் இருந்த இளைஞன் ஒருவன், எரிக் விட்டேக்கர் என்பவர் 2010-இல் பன்னிரண்டு நாடுகளிலிருந்து 185 பேரைக் கம்ப்யூட்டரில் பாடவைத்ததைக் காட்டி, நாமும் செய்யலாம் என்றான். அவரவர் வீட்டில், காதில் தாளத்தைக் கேட்டுக்கொண்டு, போனில் பாடிப் பதிந்து அனுப்பவேண்டும். அவன் தைத்துக்கொடுப்பான். குக்கர் விசில், நாய், பக்கத்து வீட்டு மிக்சி எல்லாம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பீரோ முன்னால் நின்று பாடினேன். சோ, சோ, சோ. ஐந்தாம் முறைதான் தேறியது. கதவைத் திறந்தால் வீட்டுக்காரி வாசலில். ‘ஏனுங்க, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?’ என்றாள். முப்பது வருஷக் குடித்தனம். கோயிலில் என்னைக் கேட்டிருக்கிறாள், தெருவில் ஊதிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறாள். தனியாக நான் எப்படி இருப்பேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஈஸ்டர் காலையில் தைத்த பாட்டு குழுவுக்கு வந்தது. கட்டம் கட்டமாக முகங்கள். எல்லாரும் கைகூப்பும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார்கள். இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக் கேட்டோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் வாய் அசைகிறது, குரலைக் காணோம். பேஸ் ஆறு பேரையும் காணோம். அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். ‘போன் ஸ்பீக்கர்ல அடி ஸ்வரம் எடுக்காதுங்க மாமா, அதுக்கு அவ்ளோதான் வாய். உள்ள இருக்குது, கேக்காது’ என்றான்.

வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம், ‘நீங்க தனியா பாடி அனுப்புனீங்கல்ல, அத எனக்கு அனுப்புங்க’ என்றாள். அந்த மோட்டார் சத்தத்தை வைத்துக்கொண்டு என்ன பண்ணப் போகிறாய் என்றேன். ‘அனுப்புங்கன்னா.’

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஆளே இல்லை. எந்தச் சங்கும் ஊதாத ஊர் ஆகி வெகுநாள் ஆயிற்று, அன்றைக்கு வண்டிச் சத்தமும் இல்லை. உள்ளே சமையலறையில் அவள் பாடுவது கேட்டது. அந்த ஈஸ்டர் பாட்டின் மெட்டு. எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். என் பேரனின் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்று, தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்குள் நான் ஓடிக்கொண்டிருக்கிறேன். வெளியே அவள் மட்டும்தான் கேட்கிறாள். அந்த மெட்டை முழுதாக, தனியாக, நான் கேட்டதே இல்லை. எப்போதும் அதன் அடியில்தான் இருந்திருக்கிறேன்.

மூன்றாம் வரி முடிவில் ஒரு நீண்ட ஸ்வரம். அதன் நடுவில் நான் எங்கே மூச்சு வாங்கினேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஐந்து முறை பாடிப் பதிந்தவன். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். அந்த இடம் வந்தது. அவள் அங்கே மூச்சு வாங்கவில்லை.